விலைக்கு வந்த திருவோடு

தென்கொரியத் தலைநகர் சியோலின் மையத்தில், ஜோக்யேசா விகாரைக்கு எதிர்ச்சாரியில் உள்ள ஒரு கட்டடத்தின் ஐந்தாவது தளத்தில் ‘பல்வூ கொங்யாங்’ என்ற சிறிய உணவகம் இருக்கிறது. கொரிய பௌத்தத்தின் மிகப்பெரிய பிரிவான ஜோக்யே சங்கம் 2009-இல் அதைத் தொடங்கியது. மலை விகாரைகளில் பிக்குகளும் பிக்குணிகளும் உண்ணும் உணவே அங்கே பரிமாறப்படுகிறது. புலால் கிடையாது, பூண்டும் வெங்காயமும் கிடையாது. முன்பதிவு செய்து வருவோருக்கு ஆளுக்குப் பல பத்தாயிரம் வோன் விலையில் கஞ்சி, காய்கறி, காளான், தாமரை இலைச் சோறு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. 2016 நவம்பரில் வெளியான மிஷலின் வழிகாட்டியின் முதல் சியோல் பதிப்பு இந்த உணவகத்துக்கு ஒரு நட்சத்திரம் அளித்தது. அடுத்த இரண்டு பதிப்புகளிலும் அது நீடித்தது, பிறகு இல்லாமற்போயிற்று.

நாவின் ஆசையை அடக்குவதற்கென்று உருவான உணவு, நாவின் தேர்ச்சியைப் போற்றுகிறவர்களின் பட்டியலில் இடம்பெற்றது முரண்தான். துறவியின் உணவைக் காசு கொடுத்து, ரசித்து உண்டால் அது துறவின் உணவாக நிற்குமா, அல்லது இன்னொரு போகமாக மாறிவிடுமா என்ற கேள்வி அதிலிருந்து எழுகிறது. மிஷலின் நட்சத்திரத்தால் முளைத்த கேள்வி அன்று இது. உணவையும் ஆசையையும் பற்றிப் பௌத்தம் தொடக்கத்திலிருந்தே நடத்திவரும் விவாதத்தின் அண்மை வடிவம்.

பிட்சையிலிருந்து அடுக்களைக்கு

சித்தார்த்தர் உடலை வாட்டும் தவத்தைக் கைவிட்டு, சுஜாதை தந்த பாற்சோற்றை ஏற்ற பிறகே ஞானம் பெற்றார் என்பது பௌத்த மரபு. உண்ணாமை விடுதலை தராது. உணவில் மூழ்குவதும் தராது. இந்த நடுவழியைக் காக்க, துறவியர் ஒழுக்க விதித் தொகுப்பான விநயம் வகுத்த முறை பிட்சை. துறவி சமைப்பதில்லை, தேர்ந்தெடுப்பதில்லை. திருவோட்டில் விழுந்ததை நண்பகலுக்கு முன் உண்கிறார். தமக்கென்று கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத இறைச்சியையும் அவர் ஏற்கலாம். துறவியர் அனைவரும் புலால் மறுக்க வேண்டும் என்று தேவதத்தன் கோரியபோது புத்தர் அதை விதியாக்க மறுத்தார் என்று பாலி நூல்கள் கூறுகின்றன. பௌத்தம் இங்கே துறக்கச் சொன்னது தேர்வை; தட்டில் என்ன இருக்கிறது என்பது அதற்கு அடுத்த நிலையில்தான் வந்தது.

சீனத்தில் நிலைமை வேறு. மகாயான நூல்கள் புலாலை விலக்கின. மலைகளில் பெருகிய விகாரைகள் சொந்த நிலத்தில் பயிரிட்டன. உழைக்காத நாளில் உண்பதில்லை என்பதைப் பைசாங் (749–814) என்ற, தியானத்தை மையமாகக் கொண்ட சான் மரபின் குரு நெறியாக வகுத்தார் என்பது மரபு. துறவியே உழவரும் சமையற்காரருமானதும், பிட்சை தீர்த்துவைத்த சிக்கல் திரும்பி வந்தது. என்ன சமைப்பது, எப்படிச் சமைப்பது என்று யாராவது தேர்ந்தாக வேண்டும். சான் மரபு சமையலையே பயிற்சியாக்கி அதற்கு வழி கண்டது. விகாரையில் சமையற்பொறுப்பு கடைநிலை வேலையாக இல்லாமல், முதிர்ந்த துறவியிடம் ஒப்படைக்கும் பதவியாயிற்று.

இந்த மரபுதான் கொரியாவில் சோன் எனப்படுகிறது. ஜோசோன் அரச மரபு (1392–1910) கன்பூசிய நெறியைத் தழுவி, பௌத்தத்தை ஓரங்கட்டியது. பிக்குகள் தலைநகருக்குள் நுழையத் தடை இருந்தது. 1895-இல்தான் அது நீங்கியது. விகாரைகள் மலைகளுக்குள் ஒதுங்கியதால் காட்டுக் கீரை, கிழங்கு, காளான், ஊறுகாய் வகைகள் ஆகியவற்றைச் சார்ந்த சமையல் அங்கே செழித்தது. நகரம் வெளியே நிறுத்திய அடுக்களை இன்று அதே நகரின் நடுவில் விலையுயர்ந்த மேசையாக இருப்பதற்குப் பின்னால் இந்த வரலாறு உண்டு.

விலக்கும் சுவையும்

கொரிய விகாரை உணவின் முக்கிய விலக்கு ஐந்து காரப் பொருள்கள். பூண்டு, வெங்காயத்தாள், பூண்டுக்கீரை வகை, காட்டுப்பூண்டு ஆகிய நான்கோடு ஐந்தாவதாகப் பட்டியலில் இருப்பது பெருங்காயம். கொரியாவில் அது விளைவதில்லை. எனவே நடைமுறையில் அதன் இடத்தைப் பெரும்பாலும் வெங்காயம் எடுத்துக்கொண்டது. பூண்டும் வெங்காயமும் சேர்க்காத தமிழ் வீடுகளிலும் மடப்பள்ளிகளிலும் அவற்றின் குறையை நிரப்புவதே பெருங்காயம்தான். ஒரு மரபு மாற்றாக வைத்துக்கொண்டதை இன்னொரு மரபு விலக்கில் சேர்த்திருக்கிறது. சமைத்து உண்டால் காமத்தையும் பச்சையாக உண்டால் சினத்தையும் இவை தூண்டும் என்பது சூரங்கம சூத்திரம் கூறும் காரணம். ஆகவே இங்கே கருதப்படுவது பொருளின் புனிதமோ தீட்டோ அன்று. அது மனத்தில் எழுப்பும் கிளர்ச்சி.

பூண்டும் நொதித்த மீன் சாறும் சேராத கிம்ச்சி ஊறுகாய் கொரிய நாவுக்கு எளிதில் பிடிபடாது. அந்த இடத்தைக் காலம் நிரப்புகிறது. சோயா மொச்சையை அவித்து, கட்டியாக்கி, உலர்த்தி, உப்புநீரில் ஊறவைத்துப் பெறும் கான்ஜாங் என்ற சாறும் தொயென்ஜாங் என்ற விழுதும் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், பெரிய மண்சாடிகளில் முதிர்கின்றன. கடற்பாசியும் உலர்ந்த ஷிட்டாகே காளானும் வடிசாறுக்கு ஆழம் தருகின்றன. காளானை ஊறவைத்து, பெரில்லா எண்ணெயிலும் கான்ஜாங்கிலும் அடக்கமான தீயில் வேகவிட்டு, கடைசியில் தானியப் பாகு ஊற்றி மினுங்கும்வரை வற்றவைக்கும் ஒரு பதார்த்தம் உண்டு. கடித்தால் இறைச்சியின் திண்மை தெரியும். ஆனால் இறைச்சியைப் போலச் செய்யும் முயற்சி அதில் இல்லை.

சுவை ஆறு என்பது இம்மரபின் கணக்கு. கசப்பு, புளிப்பு, இனிப்பு, கார்ப்பு, உவர்ப்பு ஆகிய ஐந்தும் தமிழ் அறுசுவையோடு ஒத்துப்போகின்றன. ஆறாவதாகத் தமிழர் துவர்ப்பை வைத்த இடத்தில் நிர்வாண சூத்திரம் வெறுஞ்சோற்றின் மென்சுவையை வைக்கிறது. எதுவும் தூக்கலாக இல்லாத அந்தச் சுவையையும் சுவையென்று எண்ணியதில் ஒரு நிலைப்பாடு அடங்கியிருக்கிறது. சுவையை ஒழிக்க இம்மரபு முயலவில்லை. தூண்டுதல் குறைந்த இடத்திலும் சுவையை உணரும் அளவுக்கு நாவைக் கூர்மையாக்கவே முயல்கிறது.

நான்கு கிண்ணங்கள்

சியோல் உணவகத்தின் பெயர் விகாரையில் உண்ணும் சடங்கின் பெயரேதான். ஞானம் பெற்ற புத்தருக்குத் திசைக்காவலர் நால்வரும் ஆளுக்கொரு கல் ஓடு கொடுத்தார்கள் என்றும், யாரையும் புண்படுத்தாதிருக்க அவர் நான்கையும் ஏற்று ஒன்றாக்கினார் என்றும் ஒரு கதை உண்டு. கொரியத் துறவியின் உண்கலமும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள். மரத்தில் கடைந்து அரக்கு பூசியவை. பெரியது சோற்றுக்கு, மற்றவை சாறுக்கும் தொடுகறிக்கும் தண்ணீருக்கும்.

துறவியர் வரிசையாக எதிரெதிரே அமர்கிறார்கள். மூங்கில் தட்டையின் ஒலிதான் கட்டளை, பேச்சு இல்லை. தலைமைக் குருவுக்கும் புதிதாகச் சேர்ந்தவருக்கும் ஒரே பானைச் சோறு. அளவு அவரவர் விருப்பம், ஆனால் வாங்கியதை மிச்சம் வைக்கலாகாது. உண்பதற்கு முன் ஐந்து சிந்தனைகளை ஓதுகிறார்கள். இந்த உணவு எத்தனை பேர் உழைப்பால் வந்தது, இதைப் பெறும் தகுதி தமக்கு உண்டா, மனத்தில் பேராசை இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, உணவை உடலுக்கு மருந்தாகக் கருதி, ஞானத்தை அடையவே ஏற்பதாக முடிப்பது அவற்றின் பொருள்.

சடங்கின் கடைசிப் பகுதிதான் முக்கியம். சோறு அடிப்பிடித்த பானையில் நீர் ஊற்றிக் காய்ச்சிய சுங்ன்யுங் என்ற நீரை ஒவ்வொருவரும் வாங்கிக்கொள்கிறார்கள். முன்பே எடுத்துவைத்த ஒரு துண்டு கிம்ச்சியாலோ முள்ளங்கியாலோ கிண்ணங்களின் உட்புறத்தைத் துடைத்து, அந்தத் துண்டை உண்டு, கழுவிய நீரையும் குடிக்கிறார்கள். பிறகு தெளிந்த நீரால் மீண்டும் அலசி, அதை மட்டும் ஒரு பொதுக் கலத்தில் ஊற்றுகிறார்கள். அந்த நீர் பசிப்பேய்களுக்கானது. ஊசிமுனை அளவே தொண்டை கொண்ட அவற்றுக்கு ஒரு மிளகாய்த் துணுக்கு போனாலும் நெருப்பாகிவிடும் என்பது நம்பிக்கை. ஆகவே நீரில் துகள் ஏதும் மிதக்கக் கூடாது. தன் எச்சிலைத் தானே கழுவிக் குடிப்பதும், கண்ணுக்குத் தெரியாத பசியின் பொருட்டு ஒரு துகளுக்குக் கணக்குச் சொல்வதும் இந்த உணவின் அறத்தைச் சுருக்கமாகக் காட்டிவிடுகின்றன.

மூன்று விடைகள்

இந்த உணவை உணவகத்துக்குக் கொண்டுவருவது தகுமா என்பதற்குப் பௌத்தத்துக்குள்ளிருந்தே மூன்று விடைகள் சொல்லலாம்.

முதல் விடை விநயத்தின் பக்கம் நிற்கிறது. உணவு மருந்து, மருந்தை ருசிக்காகத் தேடுவது நோயை வளர்ப்பதாகும். பல வகை உணவு, அழகான பீங்கான், தரவரிசை ஆகிய எல்லாம் தேர்வையும் ஒப்பீட்டையும் தூண்டுகின்றன. துறக்க வேண்டியது அவற்றைத்தான் என்றால், பூண்டு இல்லாததால் மட்டும் அது துறவின் உணவாகாது.

இரண்டாவது விடை உபாயம் என்ற மகாயானக் கருத்தைச் சார்ந்தது. கேட்பவர் நிற்கும் இடத்துக்கே போதனை இறங்கிவர வேண்டும். நூலைத் திறக்காதவரையும் தியானத்தில் அமராதவரையும் ஒரு வேளை உணவு தொடக்கூடும். புலால் இன்றி நிறைவாக உண்ணலாம் என்பதை வாதத்தால் ஏற்காத ஒருவர் நாவால் ஏற்பார். ஜோக்யே சங்கம் 2002 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை ஒட்டி வெளிநாட்டவரை விகாரைகளில் தங்கவைக்கத் தொடங்கியதும், பிறகு உணவகம் திறந்ததும் இந்த நோக்கில் அடங்கும்.

மூன்றாவது விடை வோன்ஹ்யோவின் (617–686) கதையில் இருக்கிறது. பழங்கொரியாவின் சில்லா நாட்டுத் துறவியான அவர், தோழர் உய்சாங்குடன் சீனம் நோக்கிப் போகும்போது ஒரு குகையில் இரவைக் கழித்தார். தாகத்தில் இருளில் கைக்கெட்டிய நீரைக் குடித்தார், இனித்தது. விடிந்ததும் அது மண்டையோட்டில் தேங்கிய நீரென்று கண்டு குமட்டினார். நீர் மாறவில்லை, மனமே மாறியது என்று உணர்ந்து பயணத்தைக் கைவிட்டார் என்பது மரபு. இதன்படி எளிமையும் ஆடம்பரமும் தட்டில் இல்லை. பற்றோடு உண்டால் பழங்கஞ்சியும் போகம். பற்றின்றி உண்டால் நட்சத்திர விருந்தும் பிட்சை.

மூன்றும் வலுவானவை, மூன்றிலும் இடைவெளி உண்டு. முதலாவது, விகாரை அடுக்களையே நூற்றாண்டுகளாகச் சுவையை வளர்த்து வந்திருப்பதைக் கணக்கில் கொள்ளவில்லை. இரண்டாவது, உபாயம் எங்கே முடிந்து விற்பனை எங்கே தொடங்குகிறது என்று சொல்வதில்லை. மூன்றாவது ஞானிக்குப் பொருந்தும். ஆனால் மனமே எல்லாம் என்ற வாதத்தைக் கொண்டு எந்த ஆடம்பரத்தையும் நியாயப்படுத்திவிடலாம்.

விலையும் தானமும்

மூன்று விடைகளும் தட்டையும் உண்பவரின் மனத்தையும் மட்டுமே பார்க்கின்றன. உணவைத் தருபவருக்கும் உண்பவருக்கும் இடையில் உள்ள உறவும் பார்க்கப்பட வேண்டும். கொடுப்பவர், பெறுபவர், கொடுக்கப்படும் பொருள் ஆகிய மூன்றின்மீதும் பற்று இல்லாதபோதே தானம் தூயது என்கிறது மகாயானம். பிட்சை ஏற்றவர் கடன்பட்டவர். அந்தக் கடனைப் பயிற்சியால்தான் அடைக்க முடியும். ‘இதைப் பெறும் தகுதி எனக்கு உண்டா’ என்ற இரண்டாம் சிந்தனை அங்கிருந்தே எழுகிறது. விலை இந்தக் கேள்வியை எடுத்துவிடுகிறது. பணம் கொடுத்தவருக்குத் தகுதியை நிரூபிக்கும் தேவை இல்லை. கடன் மேசையிலேயே தீர்ந்துவிட்டது. அவர் மிச்சம் வைக்கலாம், குறை சொல்லலாம், கிண்ணத்தைக் கழுவாமல் எழுந்து போகலாம்.

ஜோங் க்வான் என்ற பிக்குணியின் வழி இதற்கு ஒரு மாற்று. தெற்கு ஜோல்லா மாநிலத்தின் பெக்யாங்சா விகாரையைச் சேர்ந்த சோன்ஜினாம் என்ற துறவகத்தில் வாழும் அவர் உணவகம் நடத்தவில்லை. நெட்ஃபிளிக்ஸின் ‘செஃப்ஸ் டேபிள்’ தொடர் 2017-இல் அவரை உலகுக்குக் காட்டியது. 2022-இல் ‘ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள்’ அமைப்பு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. அவர் தம்மைச் சமையற்கலைஞர் என்று சொல்லிக்கொள்வதில்லை. அவருடைய தோட்டத்தில் காய் பறித்து, கூட நின்று நறுக்கி உண்பவர், உணவுக்குப் பின்னுள்ள உழைப்பின் ஒரு சிறு பங்கையாவது ஏற்கிறார். ஆனால் அந்தத் தொலைவுக்குப் போய்வரப் பொழுதும் பொருளும் உள்ளவர்கள் சிலரே. விலை மறைந்தாலும் வசதியின் வேலி மறைவதில்லை.

ஆக, உணவகத்துக்கு மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்று பிரித்துப் பார்ப்பதே சரியான அணுகுமுறை. கொல்லாமை, ஐந்து பொருள் விலக்கு, பருவத்துக்கேற்ற காய், முதிரவைக்கும் பொறுமை ஆகியவை சமைப்பவரின் ஒழுக்கங்கள். அவை விலைப்பட்டியலால் கெடுவதில்லை. உணவு துறவின் அடுக்களையிலிருந்து வந்தது என்பது அந்த அளவில் உண்மையே. ஒரே பானைச் சோறு, அளவறிந்து வாங்குவது, மிச்சம் வைக்காமை, தன் கலத்தைத் தானே கழுவுவது ஆகியவை உண்பவரின் ஒழுக்கங்கள். இவற்றை எந்த உணவகமும் பரிமாற முடியாது. விருந்தினர் தாமாக மேற்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விகாரையில் இந்தப் பாதியை விதி காக்கிறது. உணவகத்தில் அதைக் காக்க விதியும் இல்லை, சடங்கும் இல்லை. பல்வூ கொங்யாங்கில் விற்பனைக்கு இருப்பது துறவியின் உணவில் முதற்பாதி மட்டுமே.