செத்த மின்கலம் எவருடையது?

உடைமை பற்றிப் பேசிய மெய்யியலாளர் பலரும், ஒரு பொருள் எங்ஙனம் ஒருவருக்கு உரியதாகின்றது என்பதையே பெரிதும் ஆராய்ந்தனர். அவ்வுரிமை எப்பொழுது முடிகின்றது என்னும் வினா அத்துணை கவனம் பெறவில்லை. கைவிளக்கிலும் சுவர்க்கடிகாரத்திலும் நாம் இடும் சிறு மின்கலம் இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்ற பொருள். மின் உள்ளவரை அது நம்முடையது. தீர்ந்ததும் 'குப்பை' என்னும் பெயர் பெற்று எவருக்கும் உரியதன்று ஆகிவிடுகின்றது. ஆயின், எறிதல் ஒரு பொருளை இல்லாமற் செய்வதில்லை. அதனை ஏற்க இசையாத இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டை எண்ணிப் பார்க்கலாம். அங்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதற்கும் பயிருக்கும் பெரும்பாலும் சுண்ணக்கற் பாறையில் தேங்கிய நிலத்தடி நீரே உதவுகின்றது. அப்பாறையின் வெடிப்புகள் மேலிருந்து கசிவதை விரைவில் கீழே கொண்டுசெல்வன. வேலியோ நிலத்துக்கு மேலே மட்டும் உள்ள எல்லை. எனவே தம் வளவின் மூலையிற் குழி வெட்டிப் புதைப்பவர், அயலவரின் கிணற்றையும் அதில் தொடர்புபடுத்துகின்றார். எல்லா மின்கலங்களும் ஒரே அளவு தீங்குடையன அல்ல என்பதையும் கூறவேண்டும். சாதாரண கைவிளக்கு மின்கலத்தில் நாகமும் மங்கனீசுமே மிகுதி. நிக்கல்-கட்மிய மின்கலத்தின் கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுப்பது. பழைய பொத்தான் மின்கலங்களில் இரசம் உண்டு. மிகைப்படுத்தி அச்சுறுத்துவது அறவாதத்துக்குத் துணையாகாது.

"என் ஒரு மின்கலத்தால் என்ன ஆகிவிடும்?" என்பதே வழக்கமான மறுமொழி. ஆங்கிலேய மெய்யியலாளர் டெரிக் பாஃபிற் 1984 இல் வெளியிட்ட நூலில் இதற்கோர் உவமை தந்தார். ஆயிரம் பேர் ஆயிரம் பேரை வதைக்கின்றனர். ஒருவர் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு வதைக்கருவியும் ஆயிரத்தில் ஒரு பங்கே திரும்பும். எவரது செயலாலும் எவரது வேதனையும் உணரத்தக்க அளவு கூடுவதில்லை. ஆயினும் ஆயிரம் பேரும் துடிக்கின்றனர். "நான் எவரையும் வதைக்கவில்லை" எனச் சொல்ல அவர்களுள் எவருக்கு உரிமை உண்டு? அவர்களிடம் தீய நோக்கம் இருந்தது, நம்மிடம் இருப்பது அசட்டை மட்டுமே என்று வாதிடலாம். கிணற்றுநீருக்கு அந்த வேறுபாடு தெரியாது.

இதனினும் வலிய தடை ஒன்றுண்டு. கொடுப்பதற்கு இடமில்லாத வீட்டார் என்செய்வர்? இயலாத ஒன்று கடமையாகாது என்பது மெய்யியலிற் பழைய விதி. எனினும் இயலாமையால் இங்குக் கடமை அற்றுப்போவதில்லை. பேணிவைத்தலாக அது சுருங்குகின்றது. பேணுதலும் கவனமின்றி நிகழ்ந்தால் தீங்கே. தகரப் பேணியிற் பலவற்றை ஒன்றாகப் போட்டால் முனைகள் தொடுத்துச் சூடேறும். இலித்தியம் எனின் தீயும் பற்றும். முனைகளுக்கு மின்காப்பு நாடா ஒட்டி, உலர்ந்த பிளாத்திக்குச் சாடியில், வெயிலுக்கும் அடுப்புக்கும் எட்டத்தில் வைத்தல் வேண்டும். கசிந்தவற்றையும் வீங்கியவற்றையும் வேறாக வைத்தல் வேண்டும். எல்லாவற்றினும் பொத்தான் மின்கலமே அஞ்சத்தக்கது. குழந்தையின் உணவுக்குழாயில் அது சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் கடும் புண் உண்டாகலாம். 'செத்த' மின்கலத்தில் எஞ்சிய மின்னும் அதற்குப் போதும்.

சேர்த்தவற்றை மீள்சுழற்சிக்குக் கொடுத்தவுடன் பொறுப்பு முடிந்ததா? வாகன மின்கலத்தின் ஈயத்துக்கு விலை உண்டு. ஆதலால் அதனைத் தேடி வீட்டுக்கே ஆள் வருவர். செனகல் நாட்டின் தலைநகர் டக்காரின் புறநகரொன்றில் அத்தகைய மின்கலங்களிலிருந்து ஈயம் பிரித்தெடுக்கப்பட்ட காலத்தில், 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தனர்; ஈய நஞ்சே காரணமெனக் கருதப்பட்டது. விலை ஒரு பொருளைத் திரும்ப வரவழைக்கும். அது எவர் முற்றத்தில் உடைக்கப்படுகின்றது என்று கேளாது. அதனைக் கண்டறிதல் தனியொரு வீட்டாருக்கு இயலாது. செய்து விற்றவருக்கே இயலும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி அப்பொறுப்பை உற்பத்தியாளர்மீதே சுமத்தி, சிறு மின்கலங்களில் நூற்றுக்கு 63 பங்கினை 2027 முடிவுக்குள்ளும், 73 பங்கினை 2030 முடிவுக்குள்ளும் சேகரிக்குமாறு பணிக்கின்றது. எஞ்சியவை அங்கும் யாரோ ஒருவரின் மேசை இழுப்பறையிலோ குப்பைக் கூடையிலோதான் கிடக்கும்.