அஜலும் மருந்து வேளையும்

“ஹயாத்து அவ்வளவுதான்” என்று ஜனாஸா வீட்டில் சொல்லிக்கொள்கிறோம். ஈமானுடைய சொல், அதில் ஐயமில்லை. ஆனால் எதை மறைக்க அதைச் சொல்கிறோம் என்பது வேறு விஷயம். எச்.ஐ.வி. கிருமியும் காசநோயும் ஓருடலில் சேர்ந்துவிட்டவர்களைப் பற்றி நினைக்கும்போது இக்கேள்வி கூர்மையாகிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை உலகெங்கும் அதிகமாகப் பறிப்பது காசநோயே. இவர்களில் ஒருவர் பிழைப்பதும் இன்னொருவர் மௌத்தாவதும் எதனால்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சலீம் அப்துல் கரீம் என்னும் மருத்துவ அறிஞரின் தலைமையில் இது ஆராயப்பட்டது. 2005 முதல் 2008 வரை 642 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். எல்லாருக்கும் காசநோய் மருந்து உண்டு, எச்.ஐ.வி. மருந்தும் உண்டு. வேறுபாடு வேளையில்தான். சிலருக்குக் காசநோய்ச் சிகிச்சை நடக்கும்போதே எச்.ஐ.வி. மருந்து தொடங்கப்பட்டது, மற்றவர்களுக்கு அது முடிந்த பிறகு. முந்தித் தொடங்கியவர்களிடம் மரணம் 56 சதவீதம் குறைந்திருந்தது. இது தெரிந்ததும், 2008 செப்டம்பரில், காத்திருந்தவர்களுக்கும் இயன்றவரை விரைவில் மருந்து கொடுக்க முடிவாயிற்று.

காத்திருக்கச் சொன்ன மருத்துவர்களைக் குறைகூறுவதற்கில்லை. மாத்திரைகள் கூடிவிடும், ரிஃபாம்பிசின் மற்ற மருந்தின் வேகத்தைக் குறைக்கும், தேறிவரும் எதிர்ப்புச் சக்தியே கொதித்தெழுந்து உடலை வாட்டும் என்ற நியாயமான அச்சங்கள் இருந்தன. மூளை உறையில் காசநோய் கண்டவருக்கு இன்றும் சற்றுப் பொறுத்தே தொடங்குகிறார்கள். மற்றவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றைய வழிகாட்டல்.

தவணை குறிக்கப்பட்டுவிட்டதென்றால் மருந்து அதைத் தள்ளிவைத்ததா என்று சிலர் கேட்கக்கூடும். தவணை நமக்குக் காட்டப்படவில்லை, மருந்து காட்டப்பட்டிருக்கிறது. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்றறிந்து திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் கத்ரைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டதும், கத்ரிலிருந்து கத்ருக்கே போகிறோம் என்று அவர்கள் விடை பகர்ந்ததும் நம் வீடுகளில் தெரிந்த செய்தியே. மருந்தும் கத்ரில் சேர்ந்ததுதான். அதைப் பிந்தவைத்தவன் பழியை அஜலின்மேல் போட்டுவிட முடியாது.

பிந்தவைப்பவர் பல சமயம் வீட்டார். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினாலும் சளி என்பார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை என்றால் நடத்தையைப் பற்றிப் பேச்சு வந்துவிடுமே என்று அஞ்சுவார்கள். கணவனிடமிருந்து பெற்ற மனைவியும் தாயிடமிருந்து பெற்ற பிள்ளையும் இந்நோயாளிகளில் உண்டு என்பதை யார் நினைக்கிறார்கள்? பாவமென்றே வைத்துக்கொள்வோம், பாவிக்கு மருந்து ஹராமா? மாத்திரையை ஒளித்துத் தின்கிறவர் வேளை தவறுகிறார். அடிக்கடி தவறினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகிறது. இன்னும் சில வீடுகளில் தட்டும் குவளையும் தனியாகிவிடும். எச்.ஐ.வி. தட்டினால் பரவுவதன்று. காசநோய் காற்றில் பரவும். ஜன்னலைத் திறந்துவைப்பதும் மருந்தை விடாமல் கொடுப்பதும்தான் அதற்குக் காவல்.

ரமளானில் மருந்தை நிறுத்தி நோன்பு பிடிப்பவர்களும் உண்டு. நோயாளி வேறு நாட்களில் நோற்க மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. காசநோய்ச் சிகிச்சை வழக்கமாக ஆறு மாதம், களாச் செய்யப் பின்னர் நாட்கள் உண்டு. ரிஃபாம்பிசின் உண்பவருக்கு டொலுடிகிராவிர் மாத்திரை நாளுக்கு இருவேளை கொடுக்கப்படுவதால், ஸஹரும் இஃப்தாரும் அதற்குப் பொருந்துமா என்பது மருத்துவரிடம் கேட்கவேண்டியது. நோன்பை விடுவது பற்றி ஆலிமிடம் கேளுங்கள். இரண்டையும் ஷஃபானிலேயே கேட்டுவிடுவது நல்லது.