விழாவும் உயிரோம்பலும்

விழாவானது தனியொருவர்க்கு உரியதன்று. ஊர் முழுவதற்கும் உரியது. நாடோறும் நிகழும் பூசையை நித்தியம் என்றும், காலங் குறித்து நிகழும் விழாவை நைமித்திகம் என்றும் பெரியோர் வகுத்தனர். நித்திய பூசையின்கண் அடியார் கோயிலை நாடிச் செல்கின்றனர். திருவிழாவிலோ இறைவன் அடியாரை நாடி வீதிக்கு எழுந்தருளுகின்றான். நடக்கமாட்டாத முதியோரும், பிணியுற்றோரும், கைக்குழந்தையை விட்டு நீங்கவியலாத தாய்மாரும் தத்தம் படலையில் நிறைகுடம் வைத்து நின்று தரிசித்தற்கும் திருவீதியுலா இடந்தருகின்றது. இவ்வாறு மெலியாரையும் அணைத்துச் செல்லும் விழாவே கொள்ளைநோய்க் காலத்தில் அவர் உயிருக்கு ஏதமாய் முடியுமாயின், அதனை நடத்துவோர் செய்யத்தக்கது யாது? இதனைச் சைவ உபாத்தியாயர்கள் நிதானமாக ஆராய்தல் வேண்டும்.

கொவிட்-19 என்னும் நோயை உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு மார்ச் 11ஆந் தேதி உலகளாவிய கொள்ளைநோய் என்றது. அதனாலாய அவசரநிலை 2023 மே 5ஆந் தேதியே முடிவுற்றது. நோய் தணிந்துள்ள இக்காலமே அந்நாள்களிற் கற்றவற்றைச் சீர்தூக்குதற்கு ஏற்றது. அச்சமும் ஆரவாரமும் மிக்க வேளையில் நியாயம் தெளிவாய்த் தோன்றுதல் அரிது.

அந்நோய் பரவும் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். நோய்க்கிருமியுடையோர் மூச்சுவிடும் பொழுதும், பேசும் பொழுதும், பாடும் பொழுதும் கண்ணுக்குப் புலனாகாத நுண்டுளிகள் வெளிப்படுகின்றன. அடைத்த அறையிலிட்ட சாம்பிராணிப் புகை நெடுநேரம் அங்கேயே தங்கும். திறந்த முற்றத்திலிட்ட புகையோ காற்றிற் கலந்து சிதறிப்போம். நுண்டுளியின் இயல்பும் ஏறக்குறைய அத்தகையதே. 2020 மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் வாசிங்டன் மாகாணத்தில் பாடகர் குழுவினர் 61 பேர் ஒரு மண்டபத்தினுட் கூடி இரண்டரை மணிநேரம் பாடிப் பழகினர். அவருள் ஒருவர்க்கு நோய்க்குறி இருந்தது. பின்னர் 52 பேர் நோயுற்றனர் என ஆராய்ந்தோர் கணித்தனர், இருவர் மரித்தனர். அவர் செய்தது தீச்செயலன்று, பாட்டேயாம். ஆயினும் அடைபட்ட இடமும் நீண்ட நேரமும் அப்பாட்டை ஆபத்தாக்கின. மூடிய மண்டபங்களிற் பிள்ளைகளை நிறைத்துத் தேவாரம் பாடுவிக்கும் நமக்கு இச்செய்தி அயலாரது கதையன்று.

அங்ஙனமாயின், வெட்டவெளியில் விழாக் கொண்டாடின் அச்சமில்லை எனலாமோ எனின், அதுவும் பொருந்தாது. 1918ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆந் தேதி, இன்புளுவென்சாக் கொள்ளைநோய் பரவிக்கொண்டிருந்த வேளையிலே, பிலடெல்பியா நகரில் யுத்தக் கடன் திரட்டுதற்பொருட்டு ஒரு பவனி நடந்தது. திறந்த வீதியிலே ஏறக்குறைய 2,00,000 மக்கள் தோளோடு தோள் நெருங்கி நின்றனர். சில நாள்களில் அந்நகரத்து வைத்தியசாலைகள் நிரம்பின. சில வாரங்களுள் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். செயின்ற் லூயிஸ் நகரத்தாரோ அக்காலத்திற் கூட்டங்களை முற்படவே தடுத்தனர். அங்கே மரணவீதம் பெரிதும் குறைந்திருந்தது. ஆகவே, வெளியிடம் உதவி செய்யும். ஆயின் நெருக்கத்தை அது பொறுத்துக்கொள்ளாது. வீதியிற் காற்று வீசினும், வாகனத்தில் நெருங்கியிருந்து வருதலும், பந்தியில் முகத்துக்கு முகம் இருந்து உண்ணுதலும், ஒரே வடத்தைப் பலர் தோளுரச இழுத்தலும் தம் வினையைச் செய்தே தீரும்.

இனி நம் நாட்டு நிகழ்ச்சியை நோக்குவோம். 2020ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டை ஊரடங்கினால் மக்கள் வீட்டினுள்ளே கொண்டாடினர். 2021ஆம் ஆண்டிலோ, அடங்கியிருந்த ஆவல் மடைதிறந்தாற்போலப் புத்தாண்டுக்குக் கூட்டங்களும் பிரயாணங்களும் பெருகின. அச்சித்திரை கழியுமுன் நோய் மூன்றாம் முறை பொங்கியெழுந்தது. அதுகாறும் 1,000ஐ எட்டாதிருந்த இலங்கையின் மரணத்தொகை அவ்வாண்டு முடிவிற்குள் 14,000ஐக் கடந்தது. இதற்குக் கிருமியின் புதிய வகைகளும் காரணமாயினும், கூட்டங்களும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் இயலாது. இருபத்தைந்து நாள் நிகழும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 2020இற் சுகாதார விதிகளுக்கு அடங்கி நடைபெற்றது. 2021இல் அடியார் பெருந்திரளை விலக்கி நடைபெற்றது. கொடி ஏறியது, கிரியைகள் நிகழ்ந்தன, விழாவும் முற்றுப்பெற்றது. திரளின்றியும் கிரியை நிறைவுறும் என்பதை அவ்வாண்டு யாவரும் கண்டனர். வீட்டிலிருந்து கைகூப்பிய அடியாரின் அன்பு குறைந்துவிட்டதென்று யார் சொல்லவல்லார்?

ஈண்டு ஒருசாரார் கூறுவர்: "இறைவன் சந்நிதியில் நோய் அணுகுமோ? அஞ்சி ஒதுங்குதல் நம்பிக்கைக் குறைவன்றோ?" என்று. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச்செங்குன்றூரில் எழுந்தருளியிருந்தபொழுது உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. சுவாமிகள் அவர்களை நோக்கி, அடியார்க்கு நோய் இல்லை என்று வாளாவிருந்தாரல்லர். திருநீலகண்டத் திருப்பதிகம் பாடியருளினார். அப்பதிகத்தின் தொடக்கத்திலேயே, வருந்துன்பம் வினைப்பயன் என அறிந்தும் பிழைக்கும் நெறியைத் தேடாமல் இருத்தல் குறையேயாம் என்னுங் கருத்து அமைந்துள்ளது. இறைவனை நம்புதலும் உய்யும் வழியை நாடுதலும் ஒன்றோடொன்று மாறுகொள்வன அல்ல என்பது இதனாற் பெறப்படும். நம்பிக்கையைக் காரணங்காட்டி விழிப்பைக் கைவிடுதல் இறைவனைச் சோதித்தலேயன்றி வழிபடுதலாகாது.

வேறு சிலர், "என் உயிர் என்னுடையது, அதனை இறைபணியில் இழப்பினும் எனக்குச் சம்மதமே, பிறர் தடுத்தல் என்னை?" என்பர். தம்முயிரளவில் நின்றால் இக்கூற்று ஓரளவு பொருந்தும். ஆயின் இந்நோய் அறிகுறி தோன்றுமுன்னரே பிறரைப் பற்றும் இயல்பினது. விழாவிற் களித்துத் திரும்பும் இளைஞனுக்கு ஒரு சிறு காய்ச்சலாய்க் கழிவது, திண்ணையிற் கிடக்கும் அவன் அப்பாச்சிக்கு இறுதிக் காய்ச்சலாதல் கூடும். அம்மூதாட்டியை ஒருவரும் விழாவுக்கு அழைத்திலர். அவள் சம்மதத்தை ஒருவரும் கேட்டிலர். தன் உயிரைக் கொடுத்தல் தியாகமாகலாம். பிறர் உயிரை அவரைக் கேளாது கொடுத்தல் எப்பெயராலும் தியாகமாகாது.

உபாத்தியாயர்க்குரிய பொறுப்பு இதனினும் பெரிது. கோயிலுக்கு வருவோர் தம் விருப்பால் வருகின்றனர். வித்தியாசாலையில் நிகழும் வாணிவிழாவுக்கும் பொங்கல் விழாவுக்கும் நாயன்மார் குருபூசைக்கும் மாணாக்கர் ஆசிரியர் சொல்லால் வருகின்றனர். "வா" என்று ஆசிரியர் சொன்னபின் "வாரேன்" என்று சொல்லும் துணிவு எத்தனை பிள்ளைகளுக்கு உண்டு? மறுக்கமாட்டாதவரை அழைப்பவர், அவர்க்காக மாத்திரமன்றி அவர் வீட்டிலிருப்போர்க்காகவும் விடைசொல்லக் கடமைப்பட்டவர். விருந்தோம்பலைத் தலையாய அறமாகக் கொண்ட நம்மவர்க்கு, வந்தவரை நலத்தோடு வீடு சேர்ப்பதும் அவ்வறத்தின் பகுதியே என்பதைக் கூறவேண்டுவதில்லை.

"சந்தைகள் திறந்திருக்கக் கோயில்களையும் விழாக்களையும் மாத்திரம் தடுப்பது நீதியோ?" என்பது மற்றொரு வினா. இவ்வினாவில் நியாயமுண்டு. விதிசெய்வோர் யாவரையும் ஒப்ப நோக்குதல் வேண்டும். ஒரு சமயத்தார் விழாவை அனுமதித்து மற்றொரு சமயத்தார் விழாவை மறுப்பராயின் அதனைத் தட்டிக்கேட்டலும் நம் கடனே. ஆயினும் பிறிதோரிடத்து நடந்த பிழை நம்மிடத்து நேரும் மரணத்திற்குச் சமாதானமாகாது.

இவற்றால் விழாக்களையே ஒழித்துவிடல் வேண்டும் என்பது நம் கருத்தன்று. துன்பக் காலத்தில் மனம் சோர்ந்த பிள்ளைகளுக்கு விழா ஒரு மருந்துமாகும். நோய் கடுகிப் பரவும் நாள்களில் விழாவை ஒத்திவைத்தலே தக்கது. தணிந்து நிற்கும் நாள்களில் மண்டபத்தை விடுத்து மரநிழலிலோ விளையாட்டிடத்திலோ நடத்தலாம். எல்லா வகுப்பாரையும் ஒருங்கு கூட்டாது முறைவைத்து அழைக்கலாம். ஒருவர் இருவர் விலகிநின்று தேவாரம் ஓத, ஏனையோர் மனத்துள் ஓதலாம். திருநீற்றை ஒரே தட்டிற் பல கை படவிடாது தனித்தனி மடித்துக் கொடுக்கலாம். பிரசாதத்தைப் பந்தியில் இடாது வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். அரை நாள் நிகழ்ச்சியை அரை மணியிற் சுருக்கலாம். இருமலோ காய்ச்சலோ உள்ள பிள்ளை வாராதிருப்பின் அதனைக் குற்றமாகக் கருதாமையும், தவறாத வரவுக்குப் பரிசளிக்கும் வழக்கத்தை அக்காலத்தில் நிறுத்திவைத்தலும் வேண்டும். அப்பரிசே நோயுற்ற பிள்ளையையும் வகுப்புக்கு இழுத்து வந்துவிடும்.

இன்னுமொன்று மறக்கற்பாலதன்று. விழாச் சுருங்கும்போது நாதசுரக்காரரும், தவில்காரரும், மாலை கட்டுவோரும், பந்தலிடுவோரும் தம் வருவாயை இழக்கின்றனர். பிறர் உயிர் காத்தற்பொருட்டு விழாவைச் சுருக்கிய நாம், அச்சுருக்கத்தின் பாரத்தை அவ்வேழைகளின் தலையில் மாத்திரம் வைத்தல் அறமன்று. வாணவேடிக்கைக்கும் அலங்காரத்திற்கும் ஒதுக்கிய பொருளை அவர் குடும்பங்களுக்கு அளித்தல் விழாச் செலவேயாம்.

கொள்ளைநோய்கள் முன்னும் வந்தன, இனியும் வரக்கூடும். அன்று அரசாங்கத்தின் கட்டளை வருங்காறும் காத்திராது, நமது வித்தியாசாலையின் முற்றத்தில் எவ்வளவு பேர் விலகி நிற்கலாம், எவர் வீட்டில் முதியோர் உளர், எவர்க்கு உதவி வேண்டும் என்பவற்றை முற்படவே அறிந்து வைத்திருப்போமாயின், விழாவும் நிற்கும், உயிர்களும் நிற்கும். அடுத்த குருபூசைக்கு ஆயத்தஞ் செய்யக் கூடும்பொழுதே உபாத்தியாயர்கள் இதனைத் தம்முட் பேசி முடிவுசெய்வார்களாக.