கேட்குமிடம்

சர்வவியாபகமான பரம்பொருளின் அருள் எங்கும் ஒரு தன்மையாய் நிறைந்திருக்க, அதைப் பெறுவதில் மாத்திரம் ஆன்மாக்களுக்கிடையே தாரதம்மியம் உண்டாவதேன் என்னும் பழைய வினாவைப் புளியங்குளத்திலிருந்து யோசிப்பவனுக்கு, நம் பக்கத்துக் கோயில்களில் நடக்கும் கந்தபுராணப் படிப்பே தக்க திருஷ்டாந்தமாகிறது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, மரத்தில் கட்டிய புனல் ஒலிபெருக்கிகள் அவ்விருவர் குரலையும் கண்டி வீதியிற் போகும் பஸ்காரருக்கெல்லாம் கொண்டுசேர்க்கின்றன. மண்டபத்திற் சம்மணமிட்டிருக்கும் ஆச்சிக்கோ ஒரு சொல்லும் விளங்குவதில்லை.

ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் செல்வது; ஆகவே ஒரு புனலைவிட மற்றது 34 மீற்றர் தள்ளியிருப்பின், அதன் சொல் வினாடியிற் பத்திலொரு பங்கு பிந்திவந்து அடுத்த அசையின்மேல் ஏறிவிடும். அடைத்த மண்டபத்திலோ, சுவரில் மோதித் திரும்பும் அலை எதிர்வரும் அலையோடு சிலவிடங்களிற் கூடியும் சிலவிடங்களில் அதனை அழித்தும் நிற்பதனால், தவிலின் தொப்பி முழக்கம் மூலையில் தடித்தும் சற்றே விலகினால் மெலிந்தும் கேட்கும். இதற்கு ஒலிவல்லார் கண்ட யுக்தி விநோதமானது: ஒலிபெருக்கிப் பெட்டியைக் கேட்பவரின் ஆசனத்தில் வைத்துவிட்டு, அதை வைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் தவழ்ந்து செவிகொடுத்து, நாதம் சீராய் வருமிடத்தைக் கண்டு, பின்பு அவ்விடத்திலேயே பெட்டியை வைப்பர். சொல்லுமிடமும் கேட்குமிடமும் தம்முள் மாறினும் அவற்றிடையுள்ள சம்பந்தம் மாறாதென்னும் நியதியே இதற்கு ஆதாரம்.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை என வகுத்துக் கேட்டலை முதற்கண் வைத்த சைவசித்தாந்தம், சத்திநிபாதம் மலபரிபாகத்துக்கேற்பவே நிகழும் என்றதும் இக்கருத்துப் பற்றியே என்று எண்ணுகிறேன். அருள் இல்லாத இடமில்லை, அதை ஏற்கும் நிலை வாயாத உயிருண்டு. முன்வரிசையில் இருப்பவரெல்லாம் பக்குவரென்று இதனாற் கொள்ளலாகாது. அங்கே உறங்குவோரை நாம் அறிவோம். ஆயினும், மௌனத்தால் உபதேசித்த தட்சிணாமூர்த்தியின் திருவடிக்கு அருகே சனகாதி முனிவர் நால்வரும் வந்தமர்ந்தனரேயன்றி, அவர்களைத் தேடி ஒரு குரலும் உயர்ந்ததில்லை.

இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதியில்லை என்று 2007இல் நம் உயர் நீதிமன்றம் விதித்ததும், விரும்பாதவரைக் கட்டாயமாய்க் கேட்பிக்கலாகாதென்ற நியாயத்தாலேயாம். சட்டத்துக்கு அஞ்சிச் செய்வதிலும் தத்துவம் உணர்ந்து செய்வது மேலன்றோ? ஆதலின் பரிபாலன சபையார், அடுத்த படிப்புத் தொடங்குமுன் மரத்துப் புனல்களை இறக்கிவிட்டு, ஆச்சி இருக்கும் இடத்திற் பெட்டியை வைத்து ஒலிக்கச்செய்து, மண்டபத்தை ஒருமுறை காதால் அளந்து பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.