பாட்டன் வாளும் பேரன் நாவும்

பாட்டன் செய்த கொலைக்குப் பேரன் கையிலே விலங்கு பூட்டலாமா? கூடாது என்று ஒரே மூச்சில் உரைத்துவிடுவோம். பிறப்பால் எவனும் உயர்ந்தோனாவதில்லை. பிறப்பால் எவனும் குற்றவாளியாவதுமில்லை. ஆயினும் தோழர்களே, அந்தப் பேரன், "போரென்றால் சாவு இருக்கத்தானே செய்யும்; என் பாட்டன் மீது பழியேதும் இல்லை" என்று பள்ளிப் பிள்ளைக்குப் பாடமும் எழுதி வைத்தால்? துருக்கியர் ஆர்மீனியர் வரலாறு நம்முன் நிறுத்தும் வினா இது.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அயலவர் அல்லர். சென்னையிலே அவர்தம் பெயர் தாங்கிய தெருவை நம் மக்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கிவிட்டனர்! உலகின் முதல் ஆர்மீனிய இதழ் 1794-ல் அச்சேறியதும் அதே சென்னையில்தான். அந்த இனத்தின் எழுத்தாளரையும் தலைவரையும் 1915 ஏப்ரல் 24 இரவு கான்ஸ்டாண்டிநோபிளில் உதுமானிய அரசு கைது செய்தது. பின்னர் ஊர் ஊராக மக்களைப் பெயர்த்தெடுத்துச் சிரியப் பாலைவனம் நோக்கி விரட்டியது. ஆடவரைப் பிரித்துக் கொன்றனர். பெண்டிரும் பிள்ளைகளும் பசியாலும் பிணியாலும் வழியெங்கும் வீழ்ந்தனர். மாண்டோர் 6 இலட்சம் முதல் 15 இலட்சம் வரை எனக் கணக்கிடுவர். ஆணையிட்டவர் உள்துறை அமைச்சர் தலாத் பாஷா.

துருக்கியர் அனைவரும் கொடியரோ? அலெப்போவின் ஆளுநர் ஜெலால் பே அந்த ஆணைக்கு இணங்க மறுத்தார். கொன்யாவுக்கு மாற்றினர், அங்கும் ஆயிரக்கணக்கானோரைக் காத்து நின்றார், பதவி பறிபோயிற்று. தப்பியோடிய தலாத்துக்கு 1919-ல் மரண தண்டனை விதித்ததும் உதுமானிய இராணுவ நீதிமன்றமே! குருதியிலே குற்றம் ஊறுவதாயின் ஜெலால் எங்கிருந்து முளைத்தார்?

இதை மறந்தோர் ஆர்மீனியரிடையேயும் உண்டு. பழி தீர்க்கப் புறப்பட்ட படையினர் முஸ்லிம் சிற்றூர்களிலே மக்களைக் கொன்றனர். 1970களிலும் 80களிலும் துருக்கியத் தூதர்களைத் தேடித் தேடிச் சுட்டனர். அவருள் பெரும்பாலோர் 1915-ல் பிறந்தே இராதவர்! இரண்டின் அளவும் மலையும் மடுவும்தான். ஆனால், துருக்கியனாகப் பிறந்ததே குற்றம் என்னும் தீர்ப்பு, தலாத்தின் தீர்ப்புக்கு எவ்வகையில் மாறுபட்டது?

ஆகவே கொலை பாட்டனுடையது. மறைப்போ பேரனே தன் நாவால் செய்வது. அதற்குப் பாட்டனைச் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. துருக்கிய வழக்குரைஞர் பெத்தியே செத்தின் தம் பாட்டியைப் பற்றி 2004-ல் ஒரு நூல் வெளியிட்டார். பாட்டி ஆர்மீனியச் சிறுமியாக அந்த நடையிலிருந்து பறித்தெடுக்கப்பட்டவர். முஸ்லிம் பெயரோடு வாழ்ந்து, முதுமையிலே பேத்தியிடம் வாய் திறந்தவர். இவர் எவருடைய பேத்தி? கொன்றோர் இனமா, கொல்லப்பட்டோர் இனமா?

இஸ்தான்புல்லிலே 'அகோஸ்' வார இதழை நடத்திய ஆர்மீனியர் ஹிரந்த் டிங்க். நடந்ததைப் பேசுவோம், பகையின்றிப் பேசுவோம் என்றவர். துருக்கியத்தை இழிவுபடுத்தினார் என்று வழக்குத் தொடுத்துத் தண்டித்தனர். 2007 சனவரி 19-ல் தம் அலுவலக வாயிலிலே சுடப்பட்டு வீழ்ந்தார். சுட்டவனுக்கு வயது 17. அவன் கண்டதுண்டோ 1915-ஐ? அவன் கைக்குத் துப்பாக்கி வந்து சேருமுன், செவிக்கு எத்தனை பொய்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டும்!

சவ ஊர்வலத்தன்று இஸ்தான்புல் வீதிகள் நிரம்பி வழிந்தன. ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர். அவருள் துருக்கியர் எண்ணற்றோர். அவர்கள் ஏந்திய அட்டைகளிலே துருக்கி மொழியில் எழுதியிருந்தது: "நாங்கள் அனைவரும் ஆர்மீனியர்."