பவ்யன் என்னும் சொல்

நம் தமிழ் வழக்கில் ‘பவ்யம்’ என்பது பணிவைக் குறிக்கும். பெரியோர் முன் கைகட்டிக் குரல் தாழ்த்தி நிற்பவனைப் ‘பவ்யமாக நிற்கிறான்’ என்கிறோம். ஜினாகமத்தில் இச்சொல்லுக்குள்ள பொருள் வேறு. ‘ஆதல்’ எனப் பொருள்படும் ‘பூ’ என்னும் வடமொழி வேரிலிருந்து பிறந்த இச்சொல், ‘ஆகக்கூடியது’ என்னும் கருத்தை உடையது. நற்காட்சி எய்தி வீடுபேறு அடையத்தக்க தன்மையுள்ள உயிர் பவ்ய ஜீவன். அத்தன்மை இல்லாதது அபவ்ய ஜீவன்.

தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம் பவ்யத்தன்மையை உயிரின் பாரிணாமிக பாவங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. அஃதாவது, கர்மங்களின் உதயத்தாலோ அழிவாலோ வாராத இயல்பு அது. கோபமோ மோகனீய கர்மத்தின் உதயத்தால் வருவது. அறிவு மந்தம் ஞானாவரணீயத்தால் நேர்வது. நம் கண்ணுக்குத் தென்படுபவை இவை மட்டுமே. இவற்றைக் கொண்டு ஓர் உயிரின் தகுதியை அளத்தல் பொருந்தாது. அதனை முற்றும் உணர்ந்தவர் கேவல ஞானியே.

இவ்விரு தன்மைகளையும் விளக்க, ஸமந்தபத்திர ஆசாரியர் ஆப்தமீமாம்சையில் வேகும் தன்மை, வேகாத் தன்மை என்னும் உவமையை ஆள்கிறார். அடுக்களை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். வேகும் பயறும் வேகாப் பயறும் முறத்தில் ஒன்று போலவே தோன்றும். உலை ஏற்றாமல் எவரும் பிரித்தறிய இயலாது. மேலும், வேகும் பயறாயினும் நீரும் நெருப்பும் இன்றித் தானே வெந்துவிடாது. பவ்யன் என்பதால் முயற்சியின்றி வீடு கிட்டாது என்பதும் இதனாற் பெறப்படும்.

புதுக்கோட்டைக்கு அருகிலுள்ள சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் ஒரு தாமரைத் தடாகம் தீட்டப்பட்டுள்ளது. மீன்களும் பறவைகளும் யானைகளும் எருமைகளும் நிறைந்த அப்பொய்கையில் மூவர் மலர் கொய்கின்றனர். அதனைச் சமவசரணத்தின் காதிகா பூமி என்றும், மலர் கொய்வோரைப் பவ்யர்கள் என்றும் அறிஞர் விளக்குவர். அக்கோயிலை 9ஆம் நூற்றாண்டில் புதுப்பித்த இளங்கௌதமனை அங்குள்ள கல்வெட்டு ‘மதுரை ஆசிரியன்’ என்று குறிக்கிறது. அந்த ஆசிரியன் என்னும் சொல் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சைச் சுடும்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், கூட்டல் கணக்கும் வாராத சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தை வந்து கேட்டபோது, அவனை அருகில் வைத்துக்கொண்டே, “இவன் தேறமாட்டான், வேறு வேலையில் சேர்த்துவிடுங்கள்” என்றேன். மறுவாரம் முதல் அவன் வரவில்லை. அவன் தேறாதது அவன் தன்மையாலா, என் சொல்லாலா? விடை இன்றுவரை எனக்குக் கிட்டவில்லை. பயறு வேகவில்லை என்று கூறினேன். அடுப்பு எரிந்ததா என்று பார்க்கவில்லை.

வீடுபேற்றுக்குரிய சொல்லை வகுப்பறைக்குக் கொண்டுவரலாமா எனச் சிலர் வினவலாம். உயிரின் இறுதித் தகுதி வேறு, கணக்குப் பாடம் வேறு என்பது மெய்யே. ஆயினும், அறியாததை அறிந்ததாகக் கொண்டு பிறர்க்கு எல்லை வகுக்கும் மானக் கஷாயம் இரண்டிடத்தும் ஒன்றே.

நம் ஆசாரியர்கள் அறவுரை பகரும்போது, கேட்போரைப் ‘பவ்யனே’ என விளிப்பர். தகுதியைச் சோதித்த பின் அவ்வாறு அழைப்பதில்லை. அழைத்த பின்னரே அறம் கூறுவர். தாய்மார்களும் ஆசிரியர்களும் கைக்கொள்ள வேண்டிய முறை இதுவே. ‘இவன் இப்படித்தான்’ என்னும் சொல் நம் இல்லங்களில் எழும்போதெல்லாம், ‘இவன் ஆகக்கூடியவன்’ என்னும் சொல்லை நினைவிற் கொள்வோமாக. அவ்வாறு பிறரை மதித்து நிற்பதே பவ்யம் என்றால், நம் தமிழ் வழக்கின் பணிவுப் பொருளும் பொருந்தியதே ஆகும்.

அறம் ஓங்குக.