உப்புத்தாளும் இம்சையும்

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த காலத்தில் எழுந்த வீடுகள் இப்போது பழைய வீடுகளாகிவிட்டன. அவற்றைப் புதுப்பிக்க வரும் பெயிண்டர் முதலில் கையில் எடுப்பது உப்புத்தாளைத்தான். ஜன்னல் சட்டத்தின் பழைய எனாமலை வறட்டுத் தேய்ப்பாகத் தேய்க்கும்போது, கோலமாவைவிட நைசான தூள் கிளம்பித் தரையில் படிகிறது. அதில் காரீயம் இருக்கலாம். (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், இது வேறு.) வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற இந்திய விதி 2017 நவம்பர் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயம் இந்த அளவைவிடப் பல மடங்கு இருந்திருக்கக்கூடும். தவழும் குழந்தை தரையைத் தொட்ட விரலை வாயில் வைக்கிறது. பெரியவர் உடலைவிட நான்கைந்து மடங்கு ஈயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் குழந்தையின் மூளையைத் தாக்கும்; ஆனால் பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று பின்னாளில் கவலைப்படும் வீட்டில், அந்த ஜன்னலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

தெரியாமல் நடந்த தீங்கு பாவமாகுமா? எண்ணமே வினை என்பது பௌத்தம். அந்தக் கணக்கில் பெயிண்ட் வேலையை எடுத்த காண்ட்ராக்டர் தப்பிவிடுவார். குழந்தையைக் கெடுக்க அவர் நினைக்கவில்லை. சமணம் இதை வேறாகப் பார்க்கிறது. கவனக்குறைவோடு செய்த செயலால் உயிருக்கு வரும் கேட்டையே சமண நூலான தத்துவார்த்த சூத்திரம் இம்சை என்கிறது. இந்த விஷயத்தில் சமணர் பக்கமே நியாயம் இருப்பதாக நான் கருதுகிறேன். பௌத்தமும் விழிப்பை உயர்ந்த அறமாகப் போற்றுவதால், அதுவும் இந்த அலட்சியத்தை மன்னிக்காது. இருபது வருடமாகச் சுவர் சுரண்டுகிறவர், எந்தக் காலத்துச் சுவர், மேலே என்ன பூச்சு என்று கேட்காமல் இருந்தால், அது அறியாமை இல்லை, கேட்க மறுத்தது.

வீட்டுக்காரர் ரேட்டைக் குறைத்தால் நான் என்ன செய்ய என்பது காண்ட்ராக்டரின் அடுத்த வாதம். தமிழில் இது பழைய வழக்கு. நான் கொல்லவில்லை, விற்ற இறைச்சியைத் தின்றேன் என்ற பௌத்தரைச் சமணக் காப்பிய நாயகி நீலகேசி மடக்குகிறாள்: வாங்குகிறவன் இருப்பதால்தான் கொலை நடக்கிறது. ஆகவே வீட்டுக்காரருக்கும் பங்கு உண்டு. ஆனால் பாவம் கூலி போலப் பங்கு போட்டால் குறைவதில்லை; இருவர் மீதும் முழுதாக நிற்கும். சட்டம் கேட்கவில்லையே என்பார்கள். உண்மைதான், அந்த விதி புதிய பெயிண்டைத்தான் கட்டுப்படுத்துகிறது. பழைய சுவரைச் சுரண்டுவது பற்றி அதில் பேச்சில்லை. ஆனால் சட்டம் வரும் வரை தீங்கு காத்திருந்ததில்லை. ஓசூர் அருகே பாலிகானப்பள்ளியில் சாந்தி பவன் பள்ளியைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபவுண்டேஷன், 1990களின் இறுதியில் சென்னை, பெங்களூரு உள்ளிட்ட நகரங்களில் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்தது. பாதிப் பேருக்கு ஈயம் அன்றைய எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தது. அதற்கு ஒரு காரணமான ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நின்றது. சுவரில் ஏறியது சுவரிலேயே இருக்கிறது.

செலவு அதிகம் என்பதும் பொருந்தாது. சுவரை நனைத்துத் தேய்க்க வேண்டும், தரையில் பிளாஸ்டிக் விரிக்க வேண்டும், பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், வேலை முடியும்வரை பிள்ளைகளை அண்டவிடக் கூடாது. இதைச் செய்யச் சொல்லும் அதிகாரம் தினக்கூலிப் பெயிண்டருக்கு இல்லை, காண்ட்ராக்டருக்கே உண்டு. அவர் சொல்லாத நாளில், பெயிண்டர் அதே சட்டையோடு வாடகை அறைக்குத் திரும்புகிறார். வாசலில் ஓடிவரும் மகள் அந்தத் தோளில்தான் முகம் புதைக்கிறாள்.